தப்பான விடைக்கு வெடிச்சத்தம் வைக்காதீர்கள்: கற்றல் விளையாட்டு செய்ய நான் பயன்படுத்திப் பார்த்த கட்டற்ற கருவிகள்

பின்னம் சொல்லிக்கொடுக்க நான் முதன்முதலில் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில், சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம் வரும். தப்பான விடைக்கு ஒரு பலூன் பெருத்துப் பெருத்து ‘டமார்’ என்று வெடிக்கும். அண்ணன் மகளிடம் கொடுத்தேன். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு கேள்விக்குச் சரியாகப் போட்டாள். மூன்றாவதில் கை தவறிப் பலூன் வெடித்தது. அத்தோடு சரி. “அத்தை, இன்னொரு தடவ வெடிக்க வைக்கிறேன் பாருங்க” என்று பத்து நிமிஷம் வரிசையாகத் தப்பையே தேடித் தேடி அழுத்தினாள். தப்பைத் தேடி அழுத்துவதற்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று ராத்திரியே பலூனைத் தூக்கினேன். அதற்குப் பதில், தப்பாக அழுத்தினால் ஒரு பட்டை சத்தமில்லாமல் எட்டுத் துண்டாகப் பிரிந்து, அவள் சொன்ன விடை எவ்வளவு, கேட்ட விடை எவ்வளவு என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும்படி மாற்றினேன். நட்சத்திரத்துக்கு நல்ல சத்தமாக ஒன்று வைத்தேன். ஸ்கிராட்ச் என்ற கருவியில் செய்திருந்ததால் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்புமுன் மறுபடி விளையாடினாள். பலூன் எங்கே என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டாள், ஆனால் விளையாடினாள்.

இதற்கப்புறம் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றைத்தான். சாயங்காலம் பிள்ளை விளையாடும்போது கண்ணில் பட்ட கோளாறை, மறுநாள் காலைக்குள் என்னால் திருத்திக் கொடுக்க முடிகிறதா? கிராபிக்ஸ் எப்படி, எத்தனை போனில் ஓடும், யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் பிறகு. பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று நாம் மெத்தை போட்டு வைக்கிறோமோ அங்கே விழாது. வேறெங்கோ விழும். மெத்தையை இழுத்துப் போட நமக்கு வசதி வேண்டும்.

நான் புரோகிராமர் இல்லை, கணக்கு டீச்சர். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில்தான் எல்லாம். கீழே வருபவை அந்த லேப்டாப்பில் நான் ராத்திரி கண் விழித்துப் பார்த்தவை.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது கட்டற்ற மென்பொருள். அதுதான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? காசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒரு பழைய பென்டிரைவ். தெரிந்தவர் ஒருவரின் உதவியோடு பிரவுசர் விளையாட்டுகளுக்கு அப்போது பயன்பட்ட பிளாஷ் என்ற மென்பொருளில் பதினோரு விளையாட்டுகள் செய்து அதில் வைத்திருந்தேன். 2020 டிசம்பர் 31-உடன் பிளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே பிளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்துவிட்டது. என் பதினொன்றும் ஊமையாகின. பிறகு பழைய பிளாஷ் கோப்புகளை ஓட்டிக்காட்டும் ரஃபிள் என்ற கட்டற்ற எமுலேட்டரைக் கண்டுபிடித்து அதில் போட்டுப் பார்த்தேன். ஏழு எழுந்து உட்கார்ந்தன. ஆனால் ஓட்டத்தான் முடிகிறது, திருத்த முடிவதில்லை. ஆறாவது விளையாட்டில் ஒரு கேள்வியின் விடை தப்பாக இருக்கிறது. அது இனி எப்போதும் தப்பாகவேதான் இருக்கும்.

அதே சமயத்தில் ஸ்கிராட்சுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அதன் இரண்டாம் பதிப்பும் பிளாஷில் ஓடியதுதான். ஆனால் பிளாஷ் மூடப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2019 ஜனவரியில், 3.0-ஐ ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதி வெளியிட்டுவிட்டார்கள். பழைய புராஜெக்ட்டைப் புதியதில் திறந்தால் திறந்தது. மூலக்கோட், அதாவது அதை எழுதிய நிரல், வெளியே கிடக்கிறது என்பதால், நாளைக்கு அவர்களே கைவிட்டாலும் வேறு யாராவது எடுத்து ஓட்டலாம். உண்மையில் ஏற்கெனவே ஓட்டுகிறார்கள்; அதற்கு வருகிறேன்.

எம்ஐடி மீடியா லேபிலிருந்து 2007-இல் பொதுவெளிக்கு வந்தது ஸ்கிராட்ச். கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று மாட்டுவதுதான் வேலை. அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்று திட்டு வாங்க வேண்டியதில்லை. கட்டம் மாட்டினால் ஓடும், மாட்டாவிட்டால் அது மாட்டவே மாட்டாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றலாம், பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டே மாற்றலாம். என் அளவுகோலில் இதற்கு மேல் ஒரு கருவி இல்லை. மேடை அளவு 480-க்கு 360 புள்ளிகள்தான். பெரிய திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அதற்கெல்லாம் பிள்ளைகள் அலட்டிக்கொள்வதில்லை. ஒரே நேரத்தில் 300 குளோன்களுக்கு (ஒரு படத்தின் நகல்களுக்கு) மேல் உருவாக்க விடாது. ‘ஆயிரத்தை நூறு நூறாகப் பிரி’ என்று ஆயிரம் மணிகளைக் கொட்டலாம் என்று நினைத்தேன். முந்நூறோடு நின்றுவிட்டது. பத்து மணி கோத்த சரமாக ஒரு படம் வரைந்து நூறு சரம் கொட்டினேன். யோசித்தால் அதுதான் நல்ல கணக்குப் பாடமும்கூட.

ஸ்கிராட்சில் நான் வாங்கிய பெரிய அடி தசமத்தில். கேள்வி 0.1 + 0.2. பையன் 0.3 என்று டைப் அடித்தான். ‘தப்பு’ என்றது. “மிஸ், கம்ப்யூட்டருக்கே கணக்கு வரல” என்றான். நான் விடையை ஸ்கிராட்சின் திரையில் நிற்கும் பூனையைச் சொல்லவைத்துப் பார்த்தேன். பூனையும் 0.30 என்றுதான் சொல்கிறது. பூனை சொல்வதும் பையன் சொல்வதும் ஒன்று, ஆனாலும் தப்பு. பாதி ராத்திரிவரை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சங்கதி இதுதான். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. நம்முடைய பத்தின் அடுக்கில் 1/3 எப்படி 0.333 என்று முடியாமல் போகிறதோ, அப்படி அதற்கு 1/10 முடியாது. எங்கோ வெட்டி வைத்துக்கொள்கிறது. வெட்டிய இரண்டைக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. பேசும் கட்டம் அதை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி 0.30 என்று காட்டிவிடுகிறது. ‘சமமா’ என்று ஒப்பிடும் கட்டம் சுருக்குவதில்லை. குற்றம் ஸ்கிராட்சுடையது இல்லை, பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். அன்றிலிருந்து தசமக் கேள்வி என்றால் உள்ளே முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறேன்: ஒன்றும் இரண்டும் மூன்று, திரையில் காட்டும்போது மட்டும் பத்தால் வகுத்துக் காட்டுவேன். பிள்ளை அடித்த விடையைப் பத்தால் பெருக்கி முழுமையாக்கி ஒப்பிடுவேன். பின்னத்துக்கும் அப்படியே. 1/2-உம் 2/4-உம் எழுத்தாக ஒப்பிட்டால் வேறுவேறுதான். தொகுதி, பகுதி இரண்டையும் தனித்தனியாக வாங்கிக் குறுக்கே பெருக்கிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாத எத்தனையோ ‘பின்ன விளையாட்டு’கள் இணையத்தில் இருக்கின்றன, சரியாகச் சொன்ன பிள்ளையைத் தப்பென்று விரட்டிக்கொண்டு.

தமிழ் எழுத்து விளையாட்டு செய்கிறவர்களுக்கு அடுத்த அடி காத்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஸ்கிராட்சிடம் கேட்டால் 5 என்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான யூனிகோட் முறையில் அப்படித்தான் இருக்கிறது. ‘கொக்கு’வின் முதல் எழுத்தைக் கேட்டால் ‘க’ என்கும். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் விளையாட்டை இப்படிச் செய்தால், கொம்பும் காலும் துணையில்லாமல் புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு திரையில் தனியே அலையும். பார்க்கப் பாவமாக இருக்கும். நான் செய்த தீர்வு பழைய பாணி: சொல்லாகக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுப்பது. கொ, க், கு என்று மூன்று வரி. நாற்பது சொல்லுக்கு ஒரு மணி நேரம் டைப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

இன்னொன்று. ஸ்கிராட்சில் பாத்திரங்களின் படத்தை (‘உடை’ என்பார்கள்) வரையும் பகுதியில் தமிழுக்கென்று எழுத்துரு இல்லை. எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, ‘பாத்’ ஆக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி படக் கோப்பாக உள்ளே கொண்டுவந்தால் எந்த கம்ப்யூட்டரிலும் உடையாது. பலூ தம்பி எழுத்துரு இதற்கு வாகானது, குண்டு குண்டாக, சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் ‘ழ’வை அடையாளம் காணப் பழக்கும் விளையாட்டுக்குக் குண்டு எழுத்து வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டேன். பாடப்புத்தகத்தில் பார்க்கிற உருவத்துக்குக் கிட்டே வரும்.

வேறு யாரோ எடுத்து ஓட்டுகிறார்கள் என்றேனே, அது டர்போவார்ப். ஸ்கிராட்சின் மூலக்கோடை எடுத்து வேகமாக ஓடும்படி மாற்றியது. அதோடு வரும் ‘பேக்கேஜர்’ இருக்கிறதே, அதற்காகவே நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். உங்கள் ஸ்கிராட்ச் புராஜெக்ட்டைக் கொடுத்தால், படம், சத்தம் எல்லாம் உள்ளடக்கிய ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். இணையம் வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். பென்டிரைவில் போட்டு, இரண்டு தடவை சொடுக்கினால் பிரவுசரில் ஓடும். பழைய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ட்வைன் வேறு ஜாதி. கிளை பிரியும் கதைகள் எழுத 2009-இல் கிறிஸ் கிளைமஸ் தொடங்கியது. பெட்டி பெட்டியாகப் பத்தி எழுதி, சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அடுத்த பெட்டிக்குக் கோடு இழுத்துவிடும். ‘இதில் கணக்கு என்ன செய்வது’ என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பிள்ளை ஏன் தப்பாகச் சொல்கிறது என்பதற்குள் நுழைய இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

விகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குவளை நீலமும் மூன்று குவளை மஞ்சளும் கலந்தால் ஒரு பச்சை. அதே பச்சை வேண்டும், நீலம் நான்கு குவளை ஊற்றியாயிற்று, மஞ்சள் எத்தனை? ஐந்து என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அங்கே இரண்டு கூடிற்று, அதனால் இங்கேயும் இரண்டு. ‘தப்பு, விடை ஆறு’ என்று சொன்னால் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடும். ட்வைனில் ஐந்தைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு தனிப் பெட்டி. அங்கே ‘தப்பு’ என்ற சொல்லே கிடையாது. சுவரில் பாதி பழைய பச்சை, மீதிப் பாதி புதிய பச்சை. புதியது நீலம் தட்டியிருக்கும். பழையதில் நூற்றுக்கு நாற்பது பங்கு நீலம், புதியதில் நாற்பத்துநான்குக்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நிறத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். “வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு உங்களையே பார்க்கிறார். என்ன செய்வீர்கள்?” என்று கதை நீளும். இன்னும் மஞ்சள் ஊற்றலாம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு குவளை ஊற்றிப் பார்த்துவிட்டு ஒரு பையன் திரும்பிச் சொன்னான்: “அப்ப ரெண்டு மடங்கு நீலம்னா ரெண்டு மடங்கு மஞ்சள் மிஸ்.” நான் வாயே திறக்கவில்லை.

ட்வைனில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் திறந்து எழுதினால் கதை அந்தப் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. லேப்டாப் மெதுவாகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசர் தரவு எல்லாவற்றையும் துடைத்தேன். முப்பத்துநான்கு பெட்டிகள் போயின. அந்தச் சுவர்க்கதையின் முதல் வடிவம் அதில்தான் இருந்தது. கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கருவி எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை. இப்போது டெஸ்க்டாப் பதிப்பு. அது கதைகளை வட்டில் கோப்பாக வைக்கும். ட்வைனை முதன்முதலில் திறக்கிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை இதுதான்.

எச்5பி பற்றி எனக்கு இரண்டு மனசு. கேள்வி-பதில் அட்டைகள், ஞாபக விளையாட்டு, இழுத்துப் பொருத்துவது, வீடியோ நடுவே கேள்வி என்று தயார் அச்சுகள் ஏராளம். கேள்வியை நிரப்பினால் போதும். மூடுல் (பாடத்தளம்), வேர்ட்பிரஸ் (வலைத்தளம்) வைத்திருப்பவர்கள் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு லூமி என்ற கட்டற்ற டெஸ்க்டாப் செயலி இருக்கிறது. அதில் செய்து எச்டிஎம்எல் ஆக எடுத்துக்கொள்ளலாம். நாளைக்குத் தேர்வு, இன்றைக்கு ஏதாவது வேண்டும் என்றால் நான் இதைத்தான் திறப்பேன். ஆனால் செய்து முடித்தபின் பார்த்தால் வினாத்தாளுக்குச் சட்டை போட்ட மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் ‘விளையாடலாமா’ என்று கேட்டு வருவதில்லை, ‘முடிச்சிட்டேன் மிஸ்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தப்பு செய்யும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை நம் இஷ்டத்துக்கு வளைக்க இடம் குறைவு.

கோடிட்ட இடம் நிரப்புவதில் தமிழுக்கு ஒரு கவனம் வேண்டும். ‘ஔ’வை ஒருவர் ஒரே எழுத்தாக அடிப்பார், இன்னொருவர் ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு. இதற்கு எச்5பியில் வழி இருக்கிறது: விடையை எழுதிச் சாய்கோடு போட்டு மாற்று விடையையும் எழுதிவிடலாம். சின்ன எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள் என்று ஒரு தேர்வும் உண்டு. ண, ன வித்தியாசம் சோதிக்கிற பயிற்சியில் அதைத் தவறிப்போய் இயக்கிவிடாதீர்கள்.

இனி கோடோ. அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்ஸூரும் உருவாக்கி, 2014-இல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்துவிட்ட முழு கேம் எஞ்சின், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். 2023 செப்டம்பரில் யூனிட்டி எஞ்சினுக்கு நிறுவல் கணக்கில் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது ஏராளமான கேம் டெவலப்பர்கள் திரும்பிப் பார்த்தது இதைத்தான். எடிட்டர் 100 எம்பிக்குள் இறங்கிவிடும், நிறுவ வேண்டியதே இல்லை, என் பழைய லேப்டாப்பிலும் ‘கம்பாட்டிபிலிட்டி’ ரெண்டரரில் (பழைய கம்ப்யூட்டருக்கும் ஒத்துவரும் படம் வரையும் முறையில்) திறந்தது. இரு பரிமாண விளையாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் முதலில் எடுத்தது மூன்றாம் பதிப்பு. ‘பெண்’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றினேன், மறுபடி மாற்றினேன், கடைசியில்தான் தெரிந்தது: அந்தப் பதிப்புக்கு நம்முடையது மாதிரியான எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. சொற்களையெல்லாம் படமாக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். 2023 மார்ச்சில் வந்த 4.0-வில் எழுத்துக் கோக்கும் பகுதியையே புதிதாக எழுதிவிட்டார்கள். இப்போது தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டால் கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கிறது. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்துவிட்டு மூன்றாம் பதிப்பை இறக்காதீர்கள்.

இதில் நான் செய்தது எண்கோட்டில் தவளை. 0-வும் 1-உம் மட்டும் குறித்த ஒரு கோடு. ‘தவளையை 1/5-இல் உட்காரவை’ என்று கேட்கும். விரலால் இழுத்து விட வேண்டும். அடுத்ததாக 1/8. ஐந்தைவிட எட்டு பெரிசு, அதனால் தவளை வலப்பக்கம் தாவ வேண்டும் என்று இழுக்கிறவர்கள்தான் அதிகம். விட்டதும் கோடு எட்டாகப் பிளந்து காட்டும், தவளை தானாக நடந்து முதல் கோட்டுக்குப் போகும். இந்த நடை இருக்கிறதே, அதைக் கோடோவில் செய்ய ‘ட்வீன்’ என்று ஒன்று இருக்கிறது. மூன்று வரிதான், ஆனால் தாவலின் வேகத்தை நினைத்தபடி மெதுவாக்கலாம். அரை வினாடியில் போனால் பிள்ளைகள் பார்ப்பதேயில்லை. இரண்டு வினாடி எடுத்துக்கொண்டால் கண் தவளையோடே நடக்கிறது. எவ்வளவு பிசகினால் சரி என்று ஏற்பது என்பதிலும் நிறைய மாற்றினேன். முதலில் கோட்டின் நூற்றில் இரண்டு பங்கு வைத்தேன். சின்ன விரலுக்கு அது கொடுமை, தெரிந்த பிள்ளையும் தோற்றது. நூற்றில் ஐந்து வைத்தபிறகு அழுகை நின்றது.

அளவுகோல் என்ன சொல்கிறது? பழகியபின், மறுநாள் காலைக்குள் திருத்திவிடலாம். பழக எனக்கு ஒரு முழுக் கோடை விடுமுறை ஆனது. ‘நோடு’, ‘சீன்’, ‘சிக்னல்’ என்ற அதன் மூன்று அடிப்படைக் கருத்துகளும் தலையில் ஏறும்வரை எதைத் தொட்டாலும் வேறெதோ அசையும். ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் ஜாடையில் இருப்பதால் எழுதுவது கஷ்டமில்லை, எதை எங்கே எழுதுவது என்பதுதான் கஷ்டம்.

கொடுப்பதிலும் ஒரு சிக்கல். பிரவுசருக்காக எக்ஸ்போர்ட் செய்து (ஓடும் கோப்பாக எடுத்து), டர்போவார்ப் பழக்கத்தில் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். “மிஸ், ஒண்ணுமே வரல” என்று ஆறு கம்ப்யூட்டரிலிருந்தும் குரல். கோடோவின் வெப் கோப்பு சொடுக்கினால் ஓடாது, ஏதாவது ஒரு சர்வரிலிருந்து பரிமாற வேண்டும். அன்று வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டு, சாக்பீஸைத் தவளையாக்கினேன். அடுத்த வாரம் விண்டோஸ் எக்ஸ்போர்ட்டாகக் கொண்டுபோனேன், ஓடியது. எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் கோப்பு எடிட்டரைவிடப் பல மடங்கு பெரியது, அதை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இணையதளத்தில் ஏற்றுகிறவர்களுக்கு 4.3 வந்தபிறகு நிம்மதி. அதற்கு முன் சர்வரில் ஹெடர்கள் என்ற சில சிறப்பு அமைப்புகளை வைக்காமல் நான்காம் பதிப்பின் வெப் விளையாட்டு ஓடாது.

ஜிடெவலப் ஸ்கிராட்ச், கோடோ இரண்டுக்கும் நடுவே. இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல் என்று வரிசையாக அடுக்குவது, கோட் இல்லை. ஸ்கிராட்ச் போதவில்லை, கோடோ பயமுறுத்துகிறது என்றால் இங்கே நிற்கலாம். எச்டிஎம்எல் ஆக உங்கள் கம்ப்யூட்டரிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஆன்லைனில் கட்டித்தரும் சேவைக்குத்தான் இலவசக் கணக்கில் வரம்பு. எனக்கு இதில் ஒட்டவில்லை. நூறு வரிக்கு மேல் போனதும் எந்த நிபந்தனை எங்கே என்று தேடுவதே பொழப்பாகிவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் அறிவியல் சார் இதில்தான் மின்சுற்று விளையாட்டு செய்கிறார், அவருக்கு வேறெதுவும் வேண்டாமாம்.

லுவான்டி பற்றி ஒரு வார்த்தை; 2024 வரை மைன்டெஸ்ட் என்று இருந்தது. கட்டை அடுக்கி உலகம் கட்டுவது. புதிதாக எதையும் செய்யாமலே கன அளவு சொல்லித்தரலாம்: 24 கட்டையில் எத்தனை விதமான பெட்டி கட்டலாம்? ஆறுக்கு நான்குக்கு ஒன்று என்று ஆரம்பித்து, மூன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று அவர்களே போவார்கள். பிறகு வீடு கட்டவும் போய்விடுவார்கள், மணியடித்தாலும் திரும்ப வரமாட்டார்கள். நேரம் இருக்கிற நாளில் மட்டும் திறங்கள்.

படத்துக்கும் சத்தத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கென்னி என்ற தளத்தின் படத்தொகுப்புகள் சிசி0 உரிமத்தில் இருக்கின்றன, பெயர் போடவேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உரிமம். எடுக்கும்போதே ஒரு தாளில் குறித்து வைக்காவிட்டால் பிறகு யாருடையது எது என்று தெரியாது. ஒலிகளுக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர்: பொத்தானை அழுத்த அழுத்தப் புதுப்புதுச் சத்தம் போடும். அதில் அழகான வெடிச்சத்தம் வரும், எடுக்காதீர்கள். குரலை நானே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்கிறேன். ‘பழம்’ என்பதை எட்டு முறை பதிய வேண்டியிருந்தது. என் ‘ழ’ எவ்வளவு சோம்பேறி என்று ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது.

யாராவது எதில் ஆரம்பிக்க என்று கேட்டால் நான் ஸ்கிராட்சையும் டர்போவார்ப் பேக்கேஜரையும் சொல்கிறேன். கதைக்கணக்கு எடுப்பவர்களுக்கு ட்வைன். கோடோவை விடுமுறைக்கு முன் யாருக்கும் சொல்வதில்லை.

அண்ணன் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் பழைய பின்ன விளையாட்டை ‘உள்ளே பார்’ பொத்தானை அழுத்தித் திறந்திருக்கிறாள். “அத்தை, ஒரு ஆட்டம் ஆடுறீங்களா?” என்று கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். 3/4-உம் 6/8-உம் சமமா என்று கேட்டது. சமம் என்றேன். எங்கிருந்து எடுத்தாளோ, அந்தப் பலூன் பெருத்துப் பெருத்து வந்தது. “சரிதானேடி” என்றேன். “சரிதான் அத்தை. சரியா சொன்னா வெடிக்கற மாதிரி மாத்திட்டேன்” என்றாள்.